சாலைக் கடைத்தெருவும் சூப்பர் மார்க்கெட்டும்



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டை வாயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிரே நோக்கினால், நீண்டு குறுகிய தெரு ஒன்று கண்ணிற்படும். அதற்குள் பத்தடி வைப்பதற்குள் வற்றல் மிளகாயின் நெடி மூக்கில் ஏறும். அதை அடுத்துப் பெருங்காயமும் வெல்லமும் புது வாழைத்தாரும் கலந்த ஒரு மணம். மலையாளிகள் அதனைச் சால கம்போளம் என்பர். நம்மவர் வெறுமனே சாலை என்றே சொல்லிப் பழகியிருக்கின்றனர். கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவில், கேரளத்தின் தலைநகரில் இருக்கிறோம் என்பதைச் சற்றே மறந்துவிடும்படி தமிழ் காதில் விழுந்துகொண்டிருக்கும். மும்பை மாதுங்காவிலும் கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் நம்மவர் நடத்தும் கடைகளை அறிந்த நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாதுங்காவுக்கு நாம் சென்றோம். சாலையில் இருப்போரிற் பலர் எங்கும் செல்லவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களுக்குத் தெற்கே வந்து விழுந்தது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் பெயர். இத்தெருவின் கீழ்க்கோடியை அடுத்து வலியசாலை என்ற பகுதி இருக்கிறது. அங்கே காந்தளூர்ச் சிவன் கோயில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையுடன் கூறிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று அறிஞர் பலர் கொண்டனர். இதனை ஒப்பாதவரும் உளர். அச்சாலையில் சோழன் அறுத்தது மரக்கலங்களையா, உண்கலங்களையா என்ற வாதமும் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. எவ்வாறாயினும் சாலை என்பது அங்கே வெறும் வழியைக் குறித்த சொல் அன்று. கற்போர்க்கு உண்டியும் உறையுளும் அளித்த அறநிலையத்தைக் குறித்த சொல். அது பின்னாளில் கடைத்தெருவின் பெயராக நிலைத்துவிட்டது.

கடைத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். 1745-ல் பிறந்த கேசவப் பிள்ளை இளமையில் மரக்காயர் ஒருவரின் கடையில் கணக்கெழுதியவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கணக்குப்பிள்ளையாய்த் தொடங்கியவர் 1789-ல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் திவானாக உயர்ந்தார். அதற்கு முன் அப்பதவிக்குத் தளவாய் என்று பெயர். திவான் என்ற பெயரோடு திருவிதாங்கூரை ஆண்ட முதல் அமைச்சர் இவரே. ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் இவர்தாம். பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிய காலம் அது. புதுத் தலைநகரில் அரண்மனை உண்டு, கோயில் உண்டு, சேனை உண்டு. இத்தனை பேர்க்கும் அரிசியும் பருப்பும் வேண்டுமே! திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் தெற்கே நாஞ்சில் நாடு. அங்கிருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை வழியாக வரும் பெருவழி கிள்ளியாற்றைக் கடந்து கோட்டை வாயிலை அடையும். அவ்வழியின் கடைசித் துண்டிலேயே கேசவதாஸ் கடைகளை வரிசையாக அமைத்தார். வண்டி நேராகக் கடை வாயிலில் வந்து நிற்கும். இட அமைப்பில் இதைவிடச் சிறந்த அறிவு வேறொன்றும் இல்லை. அரசர் மறைந்தபின் பதவி இழந்து 1799-ல் அவர் மாண்டார். தெரு மட்டும் பிழைத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாலைக் கடைத்தெரு தானாக முளைத்த சந்தையன்று. அரசின் கட்டளையால், வணிகரை ஓரிடத்திற்கு வரவழைத்து, எல்லாச் சரக்கும் ஒரே தெருவில் கிடைக்கும்படி திட்டமிட்டு எழுப்பிய ஏற்பாடு. அக்காலத்திற்கு அதுவே பெரிய சூப்பர் மார்க்கெட். இன்று பெருங்கடைகளைக் கண்டு அஞ்சும் தெருவின் பிறவி வரலாறு இது.

தமிழ் வணிகர் பெருகியதற்கு வேறொரு காரணமும் உண்டு. மிளகு, புகையிலை போன்றவற்றின் வாணிபம் சமஸ்தானத்தின் ஏகபோகமாய் நெடுநாள் இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1860-ல், மிளகு ஏகபோகம் ஒழிந்தது. 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையால் எல்லைச் சுங்கங்களிற் பெரும்பகுதி நீங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையின் பருத்தியும் மிளகாயும் பயறும் சுங்கத் தொல்லையின்றி வரலாயின. சரக்கோடு ஆட்களும் வந்தனர். நாகர்கோவில், இரணியல், தக்கலை, செங்கோட்டை, திருநெல்வேலி முதலிய ஊர்களிலிருந்து வெள்ளாளர், செட்டியார், நாடார், இஸ்லாமியர் எனப் பல வகுப்பினரும் வந்து கடை வைத்தனர். தெருவை ஒட்டிய சந்துகளின் பெயர்களே சான்று கூறும். சபாபதி கோயில் தெரு என்கிறார்கள். கொத்துவால் தெரு என்கிறார்கள். கருப்பட்டிக் கடை என்று ஒரு முக்கே இருக்கிறது.

ரயில் இத்தெருவை மெல்லத்தான் அணுகியது. செங்கோட்டைக்கும் கொல்லத்திற்கும் இடையே மலையைக் குடைந்து 1904-ல் பாதை வந்தது. கொல்லத்திலிருந்து 1918-ல் நகரின் ஓரமான சாக்கை வரை வந்த வண்டி, நகர் நடுவில் தம்பானூரை அடைய 1931 ஆயிற்று. தெற்கே நாகர்கோவிலுக்கு இருப்புப் பாதை போட்டதோ 1979-ல்! அதுவரை நாஞ்சில் நாட்டுச் சரக்கு முழுவதும் மாட்டு வண்டியிலும் பின்னர் லாரியிலும் கேசவதாஸ் வகுத்த வழியிலேயே வந்துகொண்டிருந்தது. சாலை அவ்வளவு காலம் தழைத்ததன் மர்மம் இதில் ஒரு பாதி.

மற்றப் பாதி கடனில் இருந்தது. நாம் மளிகைக் கடை என்பதை அங்கே பலசரக்குக் கடை என்பர். சாலையின் பலசரக்கு மொத்த வியாபாரி, நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்க் கடைக்காரர்களுக்குச் சரக்கைத் தவணையில் கொடுப்பார். அச்சிறு கடைக்காரர், தம் தெருவில் உள்ள குமாஸ்தாவுக்கும் கொத்தனாருக்கும் மாதப் பற்றில் கொடுப்பார். சம்பளம் வந்த அன்று குமாஸ்தா கடைக்காரருக்குத் தருவார். கடைக்காரர் அடுத்த நாள் சாலைக்கு வந்து பழைய பாக்கியைத் தீர்த்துப் புதிய சரக்கை ஏற்றிச் செல்வார். எழுத்து ஒரு நீளப் பேரேட்டில். ஈடு, முகம் தெரிந்த நம்பிக்கை. கையில் காசில்லாத மாதத்திலும் வீட்டில் உலை கொதித்தது இந்தச் சங்கிலியால்தான். சரக்கைத் தரம் பிரிப்பதும் ஒரு கல்வி. மிளகாயைக் கையில் ஒடித்து ஈரம் அறிவது, பருப்பைப் பல்லில் கடித்துப் பழமை அறிவது, வெல்லத்தின் நிறத்தைக் கொண்டு அதில் சேர்ந்த கலப்பை அறிவது ஆகியவற்றைக் கடைப் பையன்கள் பல ஆண்டுகள் கூட இருந்து கற்றனர். அவ்வாறு கற்ற பையன்களே பின்னர்ச் சொந்தக் கடை வைத்தனர்.

இதை அப்படியே பொற்காலம் என்று பாடிவிட நான் ஒருப்படேன். பையன்களின் உழைப்புக்கு நேரக் கணக்கு கிடையாது. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டும் வித்தை எந்தச் சந்தைக்கும் அந்நியமன்று. கடன் கொடுத்தவரிடம் விலை பேச வாய் எழாது என்பதையும் நாம் அறிவோம்.

இவற்றையெல்லாம் உள்ளிருந்தே பார்த்து எழுதிவைத்த ஒருவர் நமக்கு வாய்த்தார். எழுத்தாளர் ஆ. மாதவன் 1934-ல் திருவனந்தபுரத்திற் பிறந்தவர். சாலைத் தெருவிலேயே பாத்திரக் கடை நடத்தியவர். கடையில் அமர்ந்துகொண்டு, எதிரே நடமாடிய சுமைகூலிகள், தரகர்கள், சில்லறைத் திருடர்கள், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரின் வாழ்வைக் கதைகளாக்கினார். ‘கடைத்தெருக் கதைகள்’ என்ற அவருடைய தொகுப்பின் பெயரே அவர் யார் என்பதைச் சொல்லும். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2021 ஜனவரியில் காலமானார். வாணிபப் புள்ளிவிவரம் எதுவும் தராத ஒன்றை அவர் தந்தார். அந்தத் தெரு எத்தனை பேரின் கடைசிப் புகலிடமாய் இருந்தது என்பதை அவர் கதைகளிலிருந்தே நாம் அறிகிறோம். வேலையற்றவன் காலையில் சாலைக்கு வந்தால் மாலைக்குள் ஏதேனும் ஒரு மூட்டை அவன் தோளுக்குக் கிடைத்துவிடும்.

இனி எல்லைக்கோட்டின் கதை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம்மவர் போராடிப் பெற்ற இணைப்பு அது. அதன் பெருமையில் குறையொன்றும் இல்லை. ஆனால் சாலைத் தெரு வணிகர் பலருக்கு அந்தக் காலைப்பொழுது விசித்திரமாய் விடிந்தது. வயல் ஒரு மாநிலத்தில், கடை மற்றொரு மாநிலத்தில். பெண் கொடுத்த ஊர் தமிழ்நாட்டில், பிள்ளை படிக்கும் பள்ளி கேரளத்தில். இடம் பெயராமலே வெளிமாநிலத் தமிழராயினர். அடுத்த ஆண்டு தென் மாநிலங்களை ஒரே அரிசி மண்டலமாக மத்திய அரசு அமைத்தபோது சற்று மூச்சு விட்டனர். 1964-ல் அம்மண்டலம் கலைந்தது. அதன்பின் நாஞ்சில் நாட்டு அரிசி களியக்காவிளையைத் தாண்டுவது கடத்தல் என்று பெயர் பெற்றது. பரம்பரையாக அரிசி விற்றவர்கள் சட்டத்திற்கு அஞ்சி வேறு சரக்குக்கு மாறினர். சாலைக்கு விழுந்த முதல் பெரிய அடி எந்த அங்காடியாலும் விழுந்ததன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

சூப்பர் மார்க்கெட் என்ற பொருளின் பிறப்பையும் இவ்விடத்தில் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாங்குவோரே கூடையை ஏந்தி அலமாரியிலிருந்து சரக்கை எடுத்துக்கொள்ளும் கடையைத் தொடங்கினார். 1930-ல் நியூயார்க்கில் மைக்கேல் கல்லன் அதைப் பன்மடங்கு பெரிதாக்கி, இலாபத்தைக் குறைத்து விற்பனையைப் பெருக்கினார். நம் நாட்டில் இம்முறை கூட்டுறவின் வழியாகவும் அரசின் வழியாகவும் பரவியது. 1966-ல் தில்லி கன்னாட் பிளேஸில் திறந்த சூப்பர் பஜார் அங்குள்ள மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். கோவையின் சிந்தாமணியும் அவ்வகைக் கூட்டுறவுக் கடையே. கேரளத்தில் 1974-ல் மாநில சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன் தோன்றியது. அதன் மாவேலி ஸ்டோர்கள் ஓணக் காலத்து விலையேற்றத்தைக் கட்டுப்படுத்தி மக்களின் நன்றியைப் பெற்றன. உணவு அமைச்சராயிருந்த இ. சந்திரசேகரன் நாயரின் பெயர் அவற்றோடு பிரிக்கமுடியாதபடி சேர்ந்துள்ளது. இலாபநோக்கற்ற இக்கடைகளோடு சாலை வணிகர் எப்படியோ ஒத்துப்போயினர். மாவேலியில் அரிசியும் பயறும் மலிவு. மற்றவற்றுக்குச் சாலைதான் என்று ஒரு பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது.

பங்கீட்டைக் கலைத்தது 1994. அவ்வாண்டில் திருவனந்தபுரத்தில் ‘மார்ஜின் ஃப்ரீ மார்க்கெட்’ என்ற பெயரில் முதற்கடை திறந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் முயற்சி அது. அயல்நாட்டு மூலதனம் இல்லை, பெரும் முதலாளியும் இல்லை. சில ஆண்டுகளில் அதன் கடைகள் கேரளமெங்கும் பரவின. இதன் சூட்சுமத்தைச் சற்று விளக்கமாகவே சொல்லவேண்டும்.

1990-ம் ஆண்டு முதல், பொட்டலத்தில் விற்கும் பண்டங்களின்மேல் எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலையை அச்சிடவேண்டும் என்று விதி வந்தது. நுகர்வோரைக் காக்க வந்த நல்ல விதி. அதற்கு எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. அதுவரை விலை என்பது பேச்சில் பிறந்து பேச்சில் முடிவது. ஒரு கடையில் மலிவா விலையேற்றமா என்பதை அறியப் பல கடை ஏறி இறங்கவேண்டும். அச்சிட்ட விலை வந்தபின், அதற்குக் கீழே விற்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அதனைக் குழந்தையும் சரிபார்த்துவிடலாம். மார்ஜின் ஃப்ரீ கடைகள் இதைத்தான் செய்தன. உதாரணமாக ஒரு கணக்குப் பார்ப்போம். 100 ரூபாய் அச்சிட்ட பண்டத்தில் விநியோகஸ்தருக்கு 4, மொத்த வியாபாரிக்கு 3, சில்லறைக் கடைக்கு 10 என்று கொள்வோம். நூறு கடைகள் ஒன்றுசேர்ந்து நேரே வாங்கினால் நடுவிலுள்ள 3 மிஞ்சும். பெருந்தொகையாய் வாங்குவதால் முன்னதிலும் சிறிது குறையும். கடைக்காரர் தமது பத்தில் சிலவற்றை விட்டுக்கொடுத்தால் பண்டம் 90-க்குக் கிடைக்கும். ரொக்கம் கொடுத்தால் மட்டுமே!

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வரலாறு திரும்பியது. மலிவுக்கு விலையாக மக்கள் கடனைக் கைவிட்டனர். அரசாங்கச் சம்பளமும் வளைகுடாப் பணமும் நிலையாக வந்த வீடுகளுக்கு அது பெரிய தியாகமன்று. நாட்கூலி வீடுகளுக்கு அவ்வாறன்று.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. மார்ஜின் ஃப்ரீ வெளியிலிருந்து வந்து சிறு கடைகளை அழித்தது என்று கூறுவது சரியன்று. தனித்தனி உரிமையாளர்களே அப்பெயர்ப்பலகையை ஏற்று நடத்தினர். தெருமுனைப் பலசரக்குக்காரர் தம் கடையை அகலப்படுத்தி, மேசையை எடுத்துவிட்டு அலமாரி போட்டுப் புதுப்பெயர் சூட்டிக்கொள்ள வழி இருந்தது. ஆகவே அடி விழுந்தது அவர்மேல் அன்று. அவருக்குத் தவணையில் சரக்குக் கொடுத்துவந்த சாலையின் மொத்த வியாபாரிமேல்தான் விழுந்தது என்பது என் கணிப்பு. அவருடைய வாடிக்கைக்காரர் வேறிடத்தில் வாங்கத் தொடங்கினார். மிளகாயும் மல்லியும் தூளாகிப் பொட்டலத்தில் வந்தபின், ஒடித்துப் பார்த்து ஈரம் அறியும் அறிவுக்கும் மதிப்பு இறங்கிற்று.

அடுத்து வந்தவை பெருமூலதன அங்காடிகள். நகரின் வடபுறத்தில் கேசவதாசபுரம் என்றொரு பகுதி உண்டு. சாலையை நிறுவிய அதே திவானின் பெயரால் அமைந்தது. அங்கே பிக் பஜார் ஒரு கிளை திறந்தது. கேசவதாஸின் தெருவுக்கு எதிராகக் கேசவதாஸின் பெயரிலேயே ஒரு பேரங்காடி! பல பண்டச் சில்லறை வாணிபத்தில் அயல்நாட்டு முதலீட்டை 2012-ல் மத்திய அரசு அனுமதித்தபோது கேரளம் அதனை ஏற்கவில்லை. உள்நாட்டு மூலதனத்துக்கு அத்தடை இல்லை. ஆயினும் பெருமூலதனமும் சாகாவரம் பெற்றதன்று. நாடெங்கும் கடை விரித்திருந்த பிக் பஜார், கடன் சுமையால் 2022-ல் மறைந்தது. அண்டை வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்துக் கெட்ட கடைகளைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வங்கியிடம் கடன் வாங்கிக் கெட்ட கடையையும் கண்டோம்.

2018-ல் மால் ஆஃப் டிராவன்கூர் வந்தது. 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர அடி. இவை இரண்டும் எங்கே உள்ளன என்று நோக்குங்கள். நகருக்கு வெளியே வளைந்து செல்லும் புறவழிச் சாலையில். 1990-ல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றியபின் நகரின் செல்வம் வடக்கு நோக்கி நகர்ந்தது. சம்பளக்காரர் காரில் செல்லலாயினர். தெற்கிலிருந்து மாட்டு வண்டி வரும் வழியில் தன் கடைத்தெருவை வைத்தார் கேசவதாஸ். வடக்கிலிருந்து கார் வரும் வழியில் தம் அங்காடியை வைத்தனர் இக்காலத்தவர். அறிவு ஒன்றே, வண்டிதான் வேறு. சாலைத் தெருவிலோ ஒரு காரை நிறுத்த இடம் தேடி அலையவேண்டும். அகலத்தில் அத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது.

பெரிய அங்காடிகளில் பில் போடும் மேசைகளில் பெண்கள் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். சாலைக் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பெண்ணைக் காண்பது அரிதாயிருந்தது. மாதச் சம்பளமும் வார ஓய்வும் உள்ள வேலை என்றால், கடைப் பையனின் பழைய வாழ்வோடு ஒப்பிடத் தாழ்ந்ததாகாது. ஆனால் அங்கே பில் போடக் கற்றவர் நாளை ஒரு கடைக்கு உரிமையாளராவது எளிதன்று. சாலையில் பையனாய்ச் சேர்ந்தவர் முதலாளியானதற்குச் சான்றுகள் தெரு நெடுக இருந்தன. சுமைதூக்குவோர் நிலையும் இத்தகையதே. கேரளம் 1978-ல் அவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக் கூலியையும் நலநிதியையும் வரையறுத்தது. சரக்கின் போக்கு மாறினால், சட்டம் தந்த உரிமை இருந்தும் தூக்க மூட்டை இராது.

சாலை மாண்டுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஆற்றுகால் பொங்காலைக்கு நாட்கள் நெருங்கும்போது அங்கே சென்று பார்க்கவேண்டும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாக உலக சாதனைப் பதிவில் ஏறிய திருவிழா அது. மண்பானையும் பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் மலைமலையாகக் குவியும். ஓணத்தின் பத்து நாட்களும் தோவாளைப் பூக்கள் வந்து இறங்கும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை இருமுடிக்கு வேண்டிய பொருள்கள். ஒருநாட் பெருந்தேவைக்கும், திருமண வீட்டுக் கொள்முதலுக்கும், ஓட்டல் நடத்துவோருக்கும் சாலையே இன்னும் கதி. அன்றாடச் சமையலுக்குரிய கால் கிலோ வியாபாரம்தான் கைவிட்டுப் போயிற்று.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அமரவிளையில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடி மூடப்பட்டது. 1865-ல் நீங்கிய தடை 1956-ல் வேறுருவில் திரும்பிவந்து, இப்போது மீண்டும் நீங்கியிருக்கிறது. நாகர்கோவிலில் இரவு ஏற்றிய வாழைத்தார் வரிக்காக வழியில் நில்லாமல் விடியுமுன் சாலையை அடைந்துவிடுகிறது. சிறு வணிகருக்குக் கணக்கெழுதும் தொல்லை பெருகியது என்ற குறையும் கூடவே கேட்கிறது. பேரேட்டின் இடத்தில் கணிப்பொறி. காசின் இடத்தில் கைப்பேசியில் ஒட்டுக்கட்டம். அந்தப் பழைய நீளப் பேரேடுகளில் வசூலாகாமல் நின்ற பாக்கிகளும் உண்டு. கடைகள் கைமாறியபோதும், பிள்ளைகள் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போனபோதும், அப்பாக்கிகளைக் கேட்டு எவரும் எவர் வீட்டு வாயிலிலும் போய் நிற்கவில்லை. ஏடுகள் பரணில் கிடக்கின்றன. கொடுக்கவேண்டியவர்களின் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறி எழுதப்பட்டிருக்கின்றன.